தக்காளிக்கு லைட்டிங்

செடியின் மேலிலை பழைய நெகட்டிவ் மாதிரி சுருண்டு கருகியிருந்தது. போட்டோக்காரர் அதைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

"நூறு வாட்ஸ் பல்பை உச்சந்தலையில தொங்கவிட்டா பின்ன என்ன ஆகும்?" என்றார் பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர், வாசலில் நின்றபடி.

"செடிக்கு வெளிச்சம் வேணும்னாங்க. குடுத்தேன்."

"வெளிச்சம் குடுக்கச் சொன்னாங்களா, இஸ்திரி போடச் சொன்னாங்களா?"

வேறு செடியாக இருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பார். இது மகள் கட்டிவிட்டுப் போன பந்தயம். மனைவி போனபின் அவர் ஸ்டூடியோவின் பின்னறையில் தனியாகத்தான் இருந்தார். கடையை மூடிவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி மகள் கெஞ்சியும் பார்த்தாள், கோபித்தும் பார்த்தாள். அவர் அசையவில்லை. கடைசியாக ஒரு தக்காளி நாற்றைத் தொட்டியோடு கொண்டுவந்து வைத்தாள்.

"மூணு மாசம் டைம்ப்பா. உங்க கையால, இந்த நாலு சுவத்துக்குள்ள ஒரே ஒரு தக்காளி காய்க்க வைங்க. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். செடி போச்சுன்னா கடைக்குப் பூட்டு. சம்மதமா?"

"பூ, இவ்வளவுதானா?" என்று சொல்லிவிட்டார்.

ஸ்டூடியோவில் மருந்துக்குக்கூட வெயில் கிடையாது. வாசலை எதிர்க் கட்டடம் மறைத்திருந்தது. ஆனால் தூங்கி வழியும் முகங்களையெல்லாம் இருபத்திரண்டு வருஷமாகப் பல்பு வெளிச்சத்தில் பளிச்சென்று ஆக்கியவர் அவர். ஒரு தக்காளிச் செடி எம்மாத்திரம்?

"என் கடைக்குப் பின்னாடி வெயில் கொட்டுதுண்ணே. துணி காயற இடத்துல வெச்சுக்கறேன். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் இஸ்திரிக்காரர்.

"எனக்குத் தெரியும்ல?"

அவர் அப்படிப்பட்ட மனிதர். பாஸ்போர்ட் போட்டோவில் ஒரு மருவைக்கூட அழித்துக் கொடுத்ததில்லை.

பல்பைக் கூரையருகே ஏற்றினார். கருகுவது நின்றது. ஆனால் செடி, குரூப் போட்டோவில் கடைசி வரிசைக்காரர் மாதிரி கழுத்தை நீட்டத் தொடங்கியது. இரண்டே வாரத்தில் ஒல்லியாக வளர்ந்து ஒடிந்து விழப் பார்த்தது. காமிராவின் முக்காலியில் கட்டி நிறுத்தினார். முக்காலி போனதால் படங்கள் கையாட்டத்தில் கலங்கின. மூன்று பேர் திரும்பி வந்து சண்டை போட்டார்கள்.

அடுத்து, சூடில்லாத வெள்ளை எல்.இ.டி. பல்புகள் எட்டு வாங்கிச் செடிக்கு ஒரு சாண் தூரத்தில் வட்டமாக மாட்டினார். இரண்டு பக்கமும், வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளிக் குடைகள். செடி உடனே தெம்பாகிவிட்டது. "அப்படியே இரு, அசையாதே" என்று பழக்கதோஷத்தில் அதனிடம் சொன்னார். அது அசையாமல் இருந்தது. வாடிக்கையாளர்களைவிட மேல் என்று நினைத்துக்கொண்டார்.

வாடிக்கையாளர்கள் பாடுதான் திண்டாட்டம். ஒரு பெரியவர் போட்டோ கவரோடு திரும்பி வந்தார்.

"காதுகிட்ட இலை தெரியுதாம். ஆபீஸ்ல வாங்க மாட்டேங்கறாங்க."

"செடியை நகர்த்த முடியாதுங்க. நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

பெரியவர் தள்ளி உட்காரவில்லை. வேறு ஸ்டூடியோவுக்கே போய்விட்டார்.

பூ விட்டது. போட்டோக்காரர் குஷியில் இன்னும் இரண்டு பெரிய ஸ்டூடியோ விளக்குகளைப் போட, ஃப்யூஸ் போனது. இரண்டு கடைக்கும் ஒரே லைன். இஸ்திரிக்காரர் பாதி தேய்த்த சட்டையோடு ஓடி வந்தார்.

"அண்ணே, உங்க பந்தயத்துல நான் ஏன் தோக்கணும்?"

ஃப்யூஸைப் போட்டார்கள். ஆனால் பூக்கள் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன.

"காத்து இல்ல, தேனீ இல்ல. எப்படிக் காய்க்கும்?" என்றார் இஸ்திரிக்காரர். "அதையும் பல்புலயே பண்ணிடுவீங்களா?"

போட்டோக்காரர் லென்ஸ் துடைக்கும் பிரஷ்ஷை எடுத்தார். மிஞ்சிய மூன்று பூக்களையும் காலையில் ஒருதரம், மதியம் ஒருதரம் மெல்ல வருடிவிட்டார். கூச்சமாக இருந்ததால் கதவைச் சாத்திக்கொண்டார். வந்தவர்கள் கடை மூடியிருப்பதாக நினைத்துத் திரும்பிப் போனார்கள்.

மகள் சொன்ன நாளில் வந்து நின்றாள். முக்காலியில் கட்டுண்டு, குடைகளுக்கு நடுவே, எட்டு பல்பு வெளிச்சத்தில் அந்தச் செடி நின்றது. அதில் கோலிக்குண்டு அளவில் ஒரே ஒரு பச்சைக் காய். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அதே வேகத்தில் அவள் கண்கள் கலங்கின.

"ஜெயிச்சுட்டீங்கப்பா. நான் வாயே திறக்கக் கூடாது. ஆனா ஒரு செடி உசுரோட இருக்க இவ்வளவு வேண்டியிருக்கு. உங்களுக்கு யாருப்பா பல்பு போடறா? ஒரு கீத்து வெயில்கூட வராத இடத்துல உங்களை விட்டுட்டுப் போக எனக்குப் பயமா இருக்கு."

அவர் செடியின் வெளிறிய தண்டைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறம். ஜெயித்த பந்தயத்தில் இப்படித் தோற்போம் என்று அவர் நினைக்கவே இல்லை.

"சரிம்மா. மூட்டை கட்டலாம்."

ஒத்தாசைக்கு இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டார்கள். முதலில் பின்திரைகளைக் கழற்றினார்கள். புதுத் திரை வாங்கினால் பழையதைக் கழற்றாமல் அதன் மேலேயே ஆணியடிப்பது அவர் வழக்கம். அருவி வந்தது, அதன் பின்னால் பனிமலை, அதன் பின்னால் மாடிப்படி வைத்த அரண்மனை. எல்லாவற்றுக்கும் அடியில், இவருக்கு முன்னால் கடை வைத்திருந்தவர் சுவரில் அறைந்துவிட்டுப் போன பெரிய பலகை. அதில் சூரியன் எட்டிப் பார்க்கும் ஒரு ஜன்னல், பெயிண்டில்.

போட்டோக்காரர் சுத்தியலை ஓங்கினார். இஸ்திரிக்காரர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, இதை மட்டும் எடுத்துடாதீங்க! இதுக்குப் பின்னாடி இருக்கற உங்க ஜன்னல் கம்பியிலதான் இத்தனை வருஷமா நான் துணி காயப் போட்டுக்கிட்டிருக்கேன், அந்த மாதிரி வெயில் இந்தத் தெருவுலயே வேற எங்கயும் கிடையாது!"