சரிபாதியின் பங்கு

உத்திரமேரூர் பக்கம் சரிபாதி என்று பேர் வாங்கிய பெரியவர் நுழையாமல் எந்த வீட்டிலும் அண்ணன் தம்பி பிரிந்ததே கிடையாது. எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். பாகப்பிரிவினை என்றால் அவரிடம் போய்விட்டுத்தான் என்னிடம் வருவார்கள். டீக்கடை வடையைக்கூட நூல் பிடித்துப் பிட்டுக் கொடுக்கிற மனுஷன்.

புள்ளலூரில் ஒரு பங்கு. நிலம், மாடு எல்லாம் பிரித்தாயிற்று, மிஞ்சியது ஒரே ஒரு அம்மி. கல்லை மூத்தவனுக்கும் குழவியை இளையவனுக்கும் கொடுத்துவிட்டார்.

"இன்னா நைனா, வெளையாடறியா? வெறுங்கல்லை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்று குதித்தான் மூத்தவன்.

"சட்னி வோணும்னா தம்பி வூட்டுல போயி கேளு. பேச்சு அறுந்துபூடக் கூடாதுபா."

மருமகள்கள் இரண்டு பேரும் அவரை வாய் வலிக்கத் திட்டிக்கொண்டே சேர்ந்து அரைத்தார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கழுத்தில் புற்றுக்கட்டி வந்தது. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது, கட்டி கரைந்தது. அடுத்த அறுவடைக்குள் நெஞ்சில் வந்து நின்றது. பங்கில் மனம் ஒப்பாத ஒருத்தன் டீக்கடையில் சொன்னான்: "எத்தினி குடும்பத்தைப் பிரிச்சாரு! அந்தப் பாவம் சும்மா வுடுமா?" படுபாவி, அது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. அன்றிலிருந்து மனுஷன் கண்ணை மூடவில்லை என்று அவர் சம்சாரம் வந்து அழுதாள்.

"ரைட்டரே, டாக்டராண்ட ஒண்ணு கேக்கணும். கூட வரியா?" என்றார் சரிபாதி. போனேன்.

"கரண்ட்ல செத்தது எப்பிடி சார் திரும்பி வந்துச்சு? நான் குடும்பம் பிரிச்ச பாவமா?"

டாக்டர் நல்ல மனுஷர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உடம்புல செல்லு ரெண்டு ரெண்டாப் பிரியும், பெரியவரே. உள்ள இருக்கிற குரோமோசோமை ரெண்டுக்கும் சமமாப் பங்கு போடணும். இந்த வியாதியில பங்கு தப்பிடும். ஒண்ணுக்குக் கூடுதல், ஒண்ணுக்குக் குறைச்சல். அதுங்க பிரியும்போது மறுபடியும் தப்பும். ஒவ்வொண்ணும் ஒரு தினுசு ஆயிடும். நிறைய செத்துப்போகும். ஏதோ ஒண்ணு மட்டும் கரண்டுக்கும் தாக்குப்பிடிச்சுப் பெருகி, வேற இடத்துல குடியேறிடும்."

"பங்கு போடறதுக்கு அங்க ஆளு கெடையாதா சார்?"

"இருக்கு. அதுதான் கெட்டுப்போச்சு. பாவமும் இல்ல, சாபமும் இல்ல."

"அப்ப இதுல என் பங்கு இல்லியே?"

"துளிகூட இல்ல."

இனி குணமாகாது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றும் டாக்டர் சொன்னார். அதற்கும் சரிபாதி தலையாட்டினார்.

சாலவாக்கம் வரை போகிற பஸ்ஸில் ஏறினோம். "பாத்தியா ரைட்டரே, பங்கு போடறது எம்மாம் பெரிய வேலைன்னு!" என்றவர், காஞ்சிபுரம் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

நாங்கள் இறங்கவேண்டிய உத்திரமேரூர் வந்தது. "எறங்கு, எறங்கு!" என்று கத்திக்கொண்டே வந்த கண்டக்டரிடம் நான் வாயில் விரலை வைத்துக் காட்டி, சாலவாக்கத்துக்கு இரண்டு டிக்கெட் கேட்டேன்.