கீழ்வீட்டுக் குடியுரிமை

சென்சு ஒரு முடிவுக்கு வந்தான். இனி தினமும் மூன்று மணி நேரமாவது மனிதனாக வாழ்வது.

மீதி நேரம் அவன் டொலோர்ஸின் கணவன். உப்பு, முயல்கறி, ஒயின் மூன்றையும் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். 'குறைக்க' என்ற சொல் டொலோர்ஸின் காதில் 'ஒழிக்க' என்று விழுந்தது. அன்றிலிருந்து மதியம் சுரைக்காய், இரவு சுரைக்காய். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விசேஷம். சுரைக்காய்க்குள் சுரைக்காயை அடைத்து வைப்பாள். வெளியே குடிக்கலாமென்றால் மால்டாவின் ஸெய்த்தூன் ஊரில் எந்தக் கடைக்காரனும் அவனுக்கு பாட்டில் தரமாட்டான். எல்லோருக்கும் உயிர்மேல் ஆசை இருந்தது.

அப்போதுதான் கீழ்வீட்டுக்கு ஆள் கிடைத்தது. சென்சுவும் டொலோர்ஸும் மாடியில் இருந்தார்கள். கீழே அவர்களுடைய இன்னொரு வீடு சாமான் செட்டோடு காலியாகக் கிடந்தது. ஏஜென்ட் பெர்த்து பிடித்துவந்த ஆள் பெயர் யெர்லான். எங்கோ தூரத்தில் செம்புச் சுரங்கம் வைத்திருப்பவர். பணம் கட்டி மால்டா பாஸ்போர்ட் வாங்கப்போகிறார். அதற்கு மால்டாவில் ஒரு வீடும் எடுத்தாக வேண்டும்.

"எப்ப குடி வர்றாரு?" என்று கேட்டான் சென்சு.

பெர்த்து சிரித்தான். "அண்ணே, அவர் கேட்டது குடியுரிமை. குடியிருக்கிறேன்னா சொன்னாரு? வாடகை வரும், ஆள் வரமாட்டாரு. இந்தாங்க சாவி. பத்திரமா வச்சுக்குங்க."

சென்சுவுக்குப் பொறி தட்டியது. வாடகை கட்டுவது இன்னொருத்தன். வீடு காலி. சாவி என் கையில். குடியுரிமை அவனுக்கே இருக்கட்டும். அதில் முன்பாதி போதும் எனக்கு.

மாடிக்கு ஓடினான்.

"கீழ ஆள் வந்தாச்சு."

"நான் பாக்கலையே?"

"ராத்திரி வந்தாரு. ரொம்பக் கூச்ச சுபாவம். நம்ம பாஷைல ஒரு வார்த்தை பேச வராது, கேட்டா மட்டும் புரியும். கதவைத் தட்டவே கூடாதாம்."

"அப்படியா," என்றாள் டொலோர்ஸ்.

அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அவன் சொன்ன எதையும் அவள் இவ்வளவு சீக்கிரம் நம்பியதில்லை. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மறுநாள் சாயங்காலம், "பேண்ட் வாத்தியக் கிளப்புக்குப் போறேன்," என்று கிளம்பினான். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, பின்சந்து வழியாகக் கீழ்வீட்டுக்குள் நுழைந்தான். செருப்பை மூலைக்கொன்றாக எறிந்தான். சோபாவில் படுத்தான். டீவியில் கால்பந்து. கோல் விழுந்தது. கத்தினான். கத்தியபிறகுதான் வாயைப் பொத்தினான்.

மேலே பால்கனிக் கதவு திறந்தது. கயிற்றில் ஒரு கூடை இறங்கியது. ரொட்டிக்காரனுக்கு இறக்குகிற அதே கூடை. ஜன்னலுக்கு நேராக வந்து நின்று ஆடியது.

"ஐயா! சாப்பிட்டீங்களா ஐயா? கொஞ்சம் முயல்கறி வச்சிருக்கேன். கூச்சப்படாம எடுத்துக்குங்க."

சென்சு ஆடிப்போனான். 'ஐயா'வாம். 'எடுத்துக்குங்க'வாம். அவனிடம் அவள் பேசினால் 'ஏய் சென்சு', 'தின்னு தொலை'. கண் கலங்கிவிட்டது. பாதி மரியாதைக்கு, பாதி பூண்டு வாசனைக்கு. அடையாளம் தெரியாமலிருக்கக் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் வழியே நீட்டினான். முயல்கறிக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் சிவப்பு ஒயின்!

"ருசி சரியா இருக்கா ஐயா?"

பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். மூக்காலேயே, "ம்," என்றான்.

அதிலிருந்து தினமும் கூடை இறங்கியது. இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் சென்சு பாடினான். பிறகு மாடிக்குப் போய்ச் சுரைக்காயையும் தின்றான். தின்னாவிட்டால் சந்தேகம் வருமே. "கிளப்பு கிளப்புன்னு அலைஞ்சு எப்படி இளைச்சுட்ட பாரு," என்றாள் டொலோர்ஸ், இறுகிப்போன அவன் சட்டையின் பொத்தானை நகர்த்தித் தைத்துக்கொண்டே.

கூடையோடு பேச்சும் இறங்கியது.

"என் புருஷனை நீங்க பாத்திருக்க மாட்டீங்க ஐயா. நல்ல மனுஷன்தான். மூளைதான் கொஞ்சம் கம்மி."

சென்சு மெல்லுவதை நிறுத்தினான்.

"என்ன ஐயா, நான் சொல்றது சரிதானே?"

"...ம்."

"குறட்டை வேற. நீங்க குறட்டை விடுவீங்களா?"

"ம்ஹூம்."

"உங்க வீட்டம்மா குடுத்து வச்சவங்க. ஆனா ஒண்ணு ஐயா, அந்தக் குறட்டை இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது."

இதற்கு என்ன 'ம்' போடுவதென்று தெரியாமல் சென்சு முயலெலும்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

சின்னச் சின்ன உதவியும் கேட்டாள். "ஐயா, விளக்கைச் சீக்கிரமே அணைச்சிடுறீங்க, இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டுமே." "துணிக்கொடி வெறுமனே கிடக்கு ஐயா, ரெண்டு சட்டை துவைச்சுப் போடுங்களேன்." "குப்பைப் பையை உங்க வாசல்ல வைங்க ஐயா, நாலு பேர் கண்ணுல படுற மாதிரி." மேல்வீட்டில் ஒரு கைக்குட்டை துவைக்காதவன் கீழ்வீட்டில் சட்டை துவைத்தான். பெண்டாட்டி சொன்னால் முடியாது என்று சொல்லலாம். ஐயா போட்டுக் கேட்டால் எப்படிச் சொல்வது?

ஒருநாள் வாசற்கதவு தட்டப்பட்டது.

"யெர்லான் சார் இருக்காரா? குடியுரிமை ஆபீஸ்லேருந்து வீட்டுச் சோதனைக்கு வந்திருக்கேன்."

சென்சு அப்போது பனியனோடு இருந்தான், ஒரு கையில் கிளாஸ், ஒரு கையில் முயல்கால். மாட்டினால் யெர்லானின் பாஸ்போர்ட் போகும். அது போகட்டும். விஷயம் டொலோர்ஸ் காதுக்குப் போகும். முயல் போகும், ஒயின் போகும், ஐயா போகும். கட்டிலுக்கடியில் பாய்ந்தான்.

கதவில் சாவி திரும்பியது. சாவி தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தான்.

"உள்ள வாங்க சார்," என்றது டொலோர்ஸின் குரல்.

"இங்க நிஜமாவே ஆள் குடியிருக்காரா?" என்று கேட்டார் அதிகாரி.

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? தட்டுல எலும்பைப் பாருங்க. சோபாவுல குழியைப் பாருங்க. கொடியில சட்டை, வாசல்ல குப்பை. தெருவுல யாரை வேணா கேளுங்க, பாட்டுச் சத்தம் தாங்க முடியல."

"இப்ப எங்க அவரு?"

"கூச்ச சுபாவம் சார். ஆளைக் கண்டா ஒளிஞ்சுக்குவாரு."

அதிகாரி நிறைவாகத் தலையாட்டினார். "எத்தனையோ வீடு பாத்துட்டேம்மா. பாதி வீட்ல பல்பே இருக்காது. வாழ்ந்தா இப்படி வாழணும்!"

அவர் போனார். டொலோர்ஸ் போகவில்லை.

"தூசி மூக்குல ஏறப்போகுது. வெளிய வா."

சென்சு வந்தான். முயல்காலும் வந்தது.

"டோலி... உனக்கு எப்பத் தெரியும்?"

"உன்கிட்ட சாவி குடுக்கிறதுக்கு முன்னாலேயே பெர்த்து என்கிட்டயும் ஒரு சாவி குடுத்தான். 'அக்கா, சோதனை வரும், ஆள் இருக்கிற மாதிரி காட்டணும், மாசாமாசம் தனியா காசு தர்றேன்'னான். யோசிச்சேன். சத்தம் போடணும், குப்பை போடணும், படுத்தே கிடக்கணும். அதுக்கு வெளிய ஆள் தேடுவாங்களா?"

"அப்ப என் சம்பளம்?"

"கையில வச்சிருக்கியே, அதான்."

"டாக்டர் உப்பும் முயலும் கூடாதுன்னாரே?"

"முயலைக் குறைக்கத்தானே சொன்னாரு, கொஞ்சமா வச்சேன். உப்பு போடலையே. பூண்டை அள்ளிப் போட்டேன். உனக்குத் தெரியல."

சென்சு விடவில்லை. "ஒயின்? ராஜா மாதிரி குடிச்சேனே!"

டொலோர்ஸ் பாட்டிலைத் திருப்பிக் காட்டினாள். "படி. போதை இல்லாத ஒயின். டாக்டரே சொன்னது."

"நான் பாடினேனே, டோலி!"

"அதான் எனக்கும் புரியல."

சென்சு கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். டொலோர்ஸ் அவன் தலையிலிருந்த ஒட்டடையை எடுத்துப் போட்டாள். முயல்காலையும் வாங்கிக்கொண்டாள்.

"சோதனை முடிஞ்சுது. அவருக்குக் குடியுரிமை வந்துடும். உன் வேலை தீர்ந்துது."

"டோலி, ஒரே ஒரு ஆசை. இன்னொரு தடவை ஐயான்னு கூப்பிடேன்."

அவள் முயல்காலைத் தட்டில் வைத்தாள். சிரிப்பை உதட்டோரம் மடக்கிக்கொண்டாள்.

"ஐயா," என்றாள், "மேல வாங்க. சுரைக்காய் ஆறுது."

"ம்," என்றான் சென்சு, மூக்கால்.