வெள்ளைப் புகையும் பால் அண்ணாச்சியும்

தாராவி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் பால் அண்ணாச்சியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடைக்கமாட்டார். அப்படியொரு முரட்டுத் தைரியசாலியும் கிடைக்கமாட்டார். பல்லியைக் கண்டால் ஸ்டூல் மேல் ஏறிவிடுவார். லிஃப்ட் என்றாலே வியர்க்கும். வெல்டிங் புகையை மட்டும் ஊதுபத்தி மாதிரி இழுத்துக்கொண்டு நிற்பார்.

கீழே அவர் பட்டறை, மேலே நான் குடியிருந்த அறை. நடுவில் ஓர் இரும்பு ஏணி. புகையும் அந்த ஏணி வழியாகத்தான் ஏறி வரும்.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பைப் பற்றவைக்கும் நாளில், வேலைக்கு முன்னும் பின்னும் ஒரு டம்ளர் பால் குடிப்பார். பக்கத்தில் நிற்பவரும் குடித்தாக வேண்டும். கேட் ரிப்பேருக்கு வந்த சேட் ஒருவர், பால் ஒத்துக்கொள்ளாது என்று இந்தியில் கெஞ்சியும் விடவில்லை. பாவம், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்.

"ஒரு மாஸ்க் வாங்கிப் போடுங்களேன் அண்ணாச்சி?"

"அது மூச்சு முட்டும் தங்கச்சி. பால் குடிச்சாச்சுல்லா? பொகை அதோட ஒட்டிக்கிட்டு வெளிய போயிரும். நீ டென்ஷன் ஆவாத!"

ஒரு மழை நாளில் ஷட்டரை இறக்கிவிட்டு ஜி.ஐ. பைப் வேலை பார்த்தார். என் அறை வெள்ளையாகிவிட்டது. கண்ணெல்லாம் எரிச்சல்.

"அண்ணாச்சி, ஷட்டரைத் தூக்குங்க!"

"மெஷினு நனைஞ்சிரும்லா! அதான் இன்னைக்குப் பால் கூடுதலாக் குடிச்சிருக்கேன்!"

சாயங்காலம் இறங்கிப் பார்த்தால், போர்வைக்குள் மனிதருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. உதடு வெளுத்திருந்தது.

"வாயெல்லாம் இரும்பு சப்புன மாதிரி இருக்கு. நெஞ்சை யாரோ மிதிக்காவ தங்கச்சி... கொஞ்சம் பால் தா."

"பாலும் வேண்டாம், கீலும் வேண்டாம், எந்திரிங்க!"

கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்து ஆஸ்பத்திரிக்கு டாக்ஸி பிடித்தேன். டாக்ஸி மழைத் தண்ணீரில் ஊர்ந்தது. அவர் மூச்சு கீச்கீச்சென்றது. முட்டைகூடத் தொடாத நான், ஊர்ச் சுடலைமாடனுக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டேன்.

"பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் எங்கே சந்திக்கும்?" என்று, பால் கதையை நான் சொன்னதும் டாக்டர் கடிந்துகொண்டார். ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைப்பாரா என்று கேட்டேன். விடியட்டும் என்றார்கள். அன்றைக்குப் பயந்தது போல நான் என்றைக்கும் பயந்ததில்லை.

விடிந்ததும் கண்ணைத் திறந்தார். "இங்கனயேவா உக்காந்திருந்த? பயந்துட்டியோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

"ஏ, அழாத! ஷட்டரைத் தொறந்து வைக்கேன். மாஸ்க் போடுதேன், போதுமா?"

நர்ஸ் எட்டிப் பார்த்து, இவர் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். கூடப்பிறந்தவர்கள் யாருமில்லாத நான், "என் அண்ணன்" என்றேன்.