'எனக்கு வர்றதே' பாஷ்யம்

மனிதர்களில் 'எனக்கு வருதே' என்றொரு ரகம் இருக்கிறது. உங்கள் வீட்டு டிவியில் படம் தெரியவில்லை என்று கேபிள்காரரிடம் சொல்லப் போகிற வழியில் இவரிடம் வாய் விட்டீர்களோ, தீர்ந்தது. இவர் தன் வீட்டுக்குள் போய், டிவியைப் போட்டு, ஒரு பாட்டை முழுசாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "எனக்கு வருதே" என்பார். அதோடு உங்கள் புகார் தள்ளுபடி. பொய் சொல்கிறாரா? கிடையாது. அவ்வளவும் நிஜம். அதுதான் கொடுமை.

இந்த ரகத்தில் உயர்ந்த மாதிரி வேண்டுமென்றால் இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்துச் சின்ன காஞ்சிபுரத்துக்குப் போக வேண்டும். அங்கே பாஷ்யம் சார். கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியார்; யார் கடையில் எந்தப் பெட்டி படுத்துக்கொண்டாலும் கூப்பிட்ட குரலுக்கு சைக்கிளில் வந்து நிற்கிற நல்ல மனிதர். சபாபதி முதலாளியின் பட்டுக் கடையில் லினக்ஸ் போட்டவரும் அவர்தான். ஒரு பெரிய கம்ப்யூட்டர், அதிலிருந்து வயர் இழுத்து மூன்று திரை, ஆளுக்கொரு லாகின்.

அதில் ஒரு திரை வள்ளியுடையது. தறியிலிருந்து வருகிற புடவைக்கெல்லாம் அவள்தான் நம்பர் போட்டு, வெள்ளைத் துணியில் கட்டி, அலமாரியில் ஏற்றுவாள். எந்த நம்பர் யாருடையது என்பது டேட்டாபேஸில் மட்டும்தான்; நோட்டுப் புத்தகத்தை முதலாளி எப்போதோ பரணில் ஏற்றிவிட்டார். கட்டைப் பிரித்துப் பார்த்தால் என்ன என்கிறீர்களா? முகூர்த்தப் புடவையின் முதல் மடிப்பைப் பெண்வீட்டார்தான் பிரிக்க வேண்டும் என்பது அந்தக் கடையின் சட்டம். போன மாதம் வள்ளி ஒரு கட்டை மாற்றிக் கொடுத்துவிட்டாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

வாலாஜாபாத் தர்மன் மகள் பொன்னிக்கு மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். சாயங்காலம் நான்கு மணிக்குப் புடவை வாங்க வருகிறார்கள். பாஷ்யம் சாருக்கு டேட்டாபேஸைப் புது வெர்ஷனுக்கு மாற்ற அன்றைக்குத்தான் நாள் கிடைத்தது. மாற்றினால் புது டிரைவர் வேண்டும். டேட்டாபேஸ் பேசுவது திரைக்குப் புரிய வேண்டுமே, அதற்கு நடுவில் நிற்பதுதான் டிரைவர்.

விண்டோஸ் என்றால் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டி முடித்துவிடலாம். லினக்ஸில் அந்தச் சலுகை கிடையாது. டிரைவர் வந்த மூட்டையை அவிழ்த்து, 'கான்ஃபிகர்' என்று அடித்து, 'மேக்' என்று அடித்து, எழுத்துகள் தறியில் பாவு ஓடுகிற மாதிரி திரையில் ஓடுவதைக் கைகட்டிப் பார்த்து, எங்கேயோ 'எரர்' என்று நின்றதும் அது கேட்ட இன்னொரு மூட்டையைத் தேடி அவிழ்த்து, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு, டிரைவர் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, டேட்டாபேஸின் பெயர் என்ன என்றெல்லாம் ஒரு ஃபைலில் வரிவரியாக எழுதி, மணி மூன்று பத்து ஆகும்போது பாஷ்யம் சார் சோதித்தார். 'கனெக்டட்' என்று வந்தது. அவர் முகத்தில் கருடசேவை பார்த்த களை.

"சார், எனக்கு வரல" என்றாள் வள்ளி.

"எனக்கு வர்றதே."

"அப்படி ஒரு டேட்டா சோர்ஸே இல்லன்னுது சார்."

"இங்க பாரு, கனெக்டட்னு கட்டம் கட்டிப் போட்டிருக்கான்."

"அப்ப அதுலயே பொன்னி பேரைத் தேடிக் குடுத்துடுங்க."

"கதவைத் திறந்து விட்டாச்சும்மா. உள்ளே போய்த் தேடறது உன் புரோகிராம். அது உன் லாகின்லன்னா இருக்கு."

இந்த ரகத்துக்குச் சந்தேகம் ஒரு வரிசையில்தான் வரும். முதலில் உங்கள் மேல். "பாஸ்வேர்டைச் சரியா அடிச்சியா?" அப்புறம் சாமான் மேல். கீபோர்டை மாற்றினார், வயரைப் பிடுங்கிச் செருகினார், திரையின் முதுகில் தட்டினார். தன் மேல்? அந்த முறை வருவதற்குள் மணி நான்கு.

தர்மன் வந்து உட்கார்ந்தார். "எடுத்துக் குடும்மா. நாலரை வண்டிய வுட்டா கஷ்டம்." அலமாரியில் ஒரே மாதிரி அறுபது வெள்ளைக் கட்டுகள். பொன்னி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் ஏதோ ஒன்று தன்னைப் பார்த்துச் சிரிக்கும் என்பதுபோல. உள்ளறையில் முதலாளி செருமினார்.

வள்ளி எழுந்தாள். "சார், என் சேர்ல ஒக்காருங்க."

"எதுக்கு?"

"கொஞ்ச நேரம் நீங்கதான் வள்ளி. அடிங்க."

உட்கார்ந்தார். அடித்தார். திரை அதே பதிலைச் சொன்னது. "எனக்கு வர்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த வாய் பாதியில் நின்றது. "வரலையே" என்றார், உலகத்தில் முதன்முதலாக.

"சார், அந்த ஃபைல எங்க வெச்சீங்க?"

"என் ஃபோல்டர்ல. வேற யார் கையும் பட்டுடக் கூடாதுன்னு பூட்டி வெச்சிருக்கேன்."

"அப்ப நான் எப்டி சார் எடுக்கறது?"

பாஷ்யம் சாரைக் குறை சொல்லிப் பயனில்லை. மடித்துணியைக் கொம்பால் தூக்கி உயரக் கொடியில் போட்டு, குழந்தை கை நீட்டினால்கூடப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லுகிற வீட்டில் வளர்ந்தவர். அந்த ஃபைலையும் மடியாகவே வைத்துவிட்டார். அவர் தொட்டால் வரும். வேறு யார் தொட்டாலும் அது இருப்பதே தெரியாது.

சார் எழுந்து தன் திரைக்குப் போனார். ஃபைலை எல்லோருக்கும் பொதுவான இடத்துக்கு மாற்றி, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று பூட்டையும் திறந்துவிட்டார். இரண்டே நிமிஷம். வள்ளி பெயரை அடித்தாள். முப்பத்தேழு.

பொன்னி கட்டை அவிழ்த்து முதல் மடிப்பைப் பிரித்தபோது கடையே எட்டிப் பார்த்தது. அரக்குச் சிவப்பு, அவள் கேட்ட அதே சிவப்பு. தோளில் போட்டுக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். தர்மன் வண்டியை மறந்துபோனார்.

"ஏம்மா இத்தனை நேரம்?" என்று முதலாளி வந்து கேட்டார். பாஷ்யம் சார் தரையைப் பார்த்தார்.

"சார் ரொம்ப பத்திரமா வெச்சிட்டாரு மொதலாளி. அதான்" என்றாள் வள்ளி. அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அவள் வேலையும் தப்பியது, சார் மானமும் தப்பியது.

அதற்குப் பிறகு பாஷ்யம் சார் எதைச் செய்தாலும், கேட்காமலேயே வள்ளி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுக்கிறார். திருந்திவிட்டாரா? அடுத்த வாரம் மூன்றாவது திரையிலிருந்து குமாரவேல், "சார், எனக்கு வரல" என்றான். சார் நிதானமாகத் திரும்பி, "வள்ளிக்கு வர்றதே" என்றார்.

சிரிக்கிறீர்கள். படிக்கும்போதே உங்கள் மேனேஜரோ மச்சானோ ஞாபகத்துக்கு வந்திருப்பார். இதைக் கொண்டுபோய் அவரிடம் காட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்கும். கொஞ்சம் பொறுங்கள். அவர் போன வாரமே படித்துவிட்டு, உங்களிடம்தான் காட்ட வேண்டும் என்று உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்.