அடிக்காத சேகண்டி

யாரும் தொடாமலே அந்தச் சேகண்டி முழங்கியது.

அயோவாவில் ஒரு சின்னக் கல்லூரி. அதன் தேவாலயத்துக்கு அடியிலுள்ள நிலவறையில், வெறும் காலுறையோடு நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் பேராசிரியை கார்லா விண்ட்ஹோம். ஆசியவியல் துறையை வளர்க்கக் கிடைத்த மானியத்தில் ஜாவாவிலிருந்து வந்திறங்கிய வெண்கல வாத்தியங்கள் சுற்றிலும் இருந்தன. நடுவில் வண்டிச் சக்கரம் அளவுக்கு இந்தச் சேகண்டி. மூன்று வாரமாகச் சாயங்காலம் ஆனால் 'ம்ம்ம்' என்று தானாக முனகுகிறது.

"பேய்தான் புரொபசர்," என்றாள் மாணவி பிரயனா. "மானியத்துல அதுக்கும் சேர்த்தே குடுத்திருக்காங்க."

"பேயும் இல்ல பிசாசும் இல்ல. எங்கேயோ ஏதோ அதிருது. ஹீட்டராத்தான் இருக்கும்."

ஹீட்டரை அணைத்தார்கள். முனகல் நிற்கவில்லை, குளிரில் இருவரும் நடுங்கினார்கள். சேகண்டியை எதிர்ச் சுவரோரம் நகர்த்தினார்கள். இரட்டிப்பாக முழங்கியது. போர்வையால் மூடினார்கள். அடங்கியது. ஆனால் குளிர் தாங்காத பிரயனா அந்தப் போர்வையை உருவித் தானே போர்த்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மானியம் கொடுத்த அறக்கட்டளையின் திருமதி பெட்ரோஸ்கி படியிறங்கி வந்தார். இன்னொரு துறையாவது கைகோத்தால்தான் அடுத்த வருஷப் பணம். இல்லாவிட்டால் வாத்தியங்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். வரலாற்றுத் துறை நேரமில்லை என்றது. சமயத் துறை இடமில்லை என்றது. இசைத் துறை மெயிலுக்குப் பதிலே போடவில்லை.

"ஜாவா வழக்கப்படி பூட்ஸைக் கழட்டிடுங்க. வாத்தியத்தைத் தாண்டாம சுத்தி வாங்க," என்றாள் கார்லா.

"வரேன். கூடச் சேர்ந்த துறை எது?"

'ம்ம்ம்...'

கார்லா பாய்ந்து சேகண்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். சத்தம் நின்றது.

"என்னம்மா பண்றீங்க?"

"இது... மரியாதை."

"அப்ப நானும் பண்ணணுமில்ல?" பெட்ரோஸ்கி மறுபக்கம் வந்து கட்டிக்கொண்டார்.

படியில் தடதடவென்று காலடி. வந்தவர் இசைத் துறைத் தலைவர் லைல் ஹாகன்.

"லைல், என் மெயிலைப் பார்த்தீங்களா?"

"மெயிலை யாரு பார்க்கிறா கார்லா? நான் மேல தேவாலயத்துக் குழாய் ஆர்கன்ல அடிச்சுரத்தை அழுத்தினா நீங்க கீழ இருந்து கூடவே வாசிப்பீங்க, என் பெஞ்சே சிலிர்க்கும். மூணு வாரமா இப்படித்தானே? இன்னிக்கு ஏன் பாதியில விட்டுட்டீங்க?"

கார்லா அண்ணாந்து பார்த்தாள். நேர் மேலேதான் அந்த அடிச்சுரத்தை எழுப்பும், ஆர்கனின் மிக உயரமான குழாய். பாட்டு கீழே கேட்காது; அடிச்சுரத்தின் அதிர்வு மட்டும் தரை வழியாக இறங்கும். சேகண்டியின் சுரமும் அதே. அது அசைந்தால் இதுவும் அசையும். அவ்வளவுதான் விஷயம். வெண்கலத்தில் கன்னத்தை வைத்தபடியே சிரித்துவிட்டாள்.

"அப்ப இசைத் துறை சேர்ந்தாச்சா?" என்றார் பெட்ரோஸ்கி.

"எப்பவோ சேர்ந்தாச்சு," என்றார் லைல், படியேறிக்கொண்டே. "ரெண்டு பேரும் கையை எடுங்க, நான் மேல போய் அழுத்துறேன்."