மக்கவாகில் என்ற பெயரைப் பெண்வழியில் கொடுக்க முடியாது என்பது பற்றி

ட்ரம்கார்வ்,
மேயோ.
மார்ச் மாதம், மழை நாள் (தேதி தேவையில்லை, எல்லா நாளும் அதுதான்).

அன்பு மகள் ஓர்லாவுக்கு,

உன் பெரியப்பா ஆம்ப்ரோஸ் எழுதுவது. இங்கே நானும் இரண்டு பசுக்களும் நலம். மூன்றாவது பசுவைப் பற்றி நீ விசாரிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. அங்கே லீட்ஸில் நீயும் மாப்பிள்ளை ஸ்டூவர்ட்டும் பிறந்து ஐந்து வாரமான பெண் குழந்தையும் சுகமாக இருக்க, தினமும் ஜெபமாலையில் ஒரு பத்து மணியை உங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். முன்பு இரண்டு பத்து மணி. முழங்கால் வலி வந்த பிறகு ஒன்று. குறைவாக நினைக்க வேண்டாம்.

உன் கடிதம் கிடைத்தது. ஆறு வாரத்துக்குள் குழந்தையின் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும் என்றும், பிளென்கின்சாப் என்ற தன் குடும்பப் பெயர் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம் என்று மாப்பிள்ளையே சொல்லிவிட்டார் என்றும், உன் அப்பா ஃபெஸ்டியும் போய்விட்ட நிலையில் நம் பெயர் அழிந்துவிடாமல் இருக்கக் குழந்தைக்கு மக்கவாகில் என்றே வைக்கலாமா, பெரியப்பா சம்மதித்தால்தான் செய்வேன் என்றும் எழுதியிருந்தாய். பிளென்கின்சாப் என்ற பெயரோடு ஒரு பையன் பள்ளிக்கூடத்தில் என்ன பாடு பட்டிருப்பான் என்பது எனக்குப் புரிகிறது. மாப்பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் சம்மதம் தர முடியாது. காரணத்தைச் சொல்கிறேன், நீளமாகவே சொல்கிறேன். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்து படி.

இந்தக் குன்றின்மேல் முதல் கோயிலைக் கட்டிய புனிதர், ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் சாகும் தறுவாயில் தன் கைத்தடியை நம் முன்னோர் ஒருவரின் கையில் கொடுத்தார். அந்தத் தடியைக் காத்தவன் மகன் என்பதுதான் நம் பெயருக்கு அர்த்தம். ஊரில் ஒருவன்மேல் ஒருவன் பிராது சொன்னால் நம் வீட்டுக்கு வந்து தடியைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவனுக்கு வாய் கோணிவிடும். ஒருமுறை பர்க் குடும்பத்துக்காரன் ஒருவன், அடுத்தவன் கிடேரியைத் தன்னுடையது என்று சத்தியம் செய்தான். அந்த இடத்திலேயே வாய் இடது காதுப் பக்கம் போய்விட்டது. பர்க் வம்சத்தார் எண்ணூறு வருஷத்துக்கு முன்னால்தான் கப்பலில் வந்து இறங்கினார்கள், ஊருக்குப் புதியவர்கள், பழக்கவழக்கம் தெரியாது. அன்றிலிருந்து பர்க் யாராக இருந்தாலும் இடது பக்கமாகத்தான் சிரிப்பார்கள். சந்தேகமாக இருந்தால் எதிர்வீட்டு நாப்லாவைப் பார். (உன் கல்யாணப் புகைப்படத்தில் நான் இடது பக்கமாகச் சிரிப்பதாக நீ ஒருமுறை சொன்னாய். அது பல் டாக்டர் செய்த வேலை.) பிறகு ஆங்கிலேய ராணியின் சிப்பாய்கள் வந்து தடியை அடுப்பில் வைத்தார்கள். தடி போனாலும் அதன் கண்டிப்பு போகவில்லை. மக்கவாகில் ஒருவன் கையெழுத்துப் போட்டுப் பொய் எழுதினால் இன்றைக்கும் வாய் கோணும். ஆகவே இந்தக் கடிதத்தில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் உண்மை.

நான் பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் நகரத்து நூலகத்தில் ஆறு குளிர்காலம் உட்கார்ந்து பென்சிலால் எழுதி எடுத்திருக்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்றாம் வருஷக் கணக்கெடுப்பில் இந்த நாடு முழுவதும் நாம் முப்பத்தொரு பேர். பத்து வருஷம் கழித்து இருபத்திரண்டு. அப்புறம் பாதிப் பேர் பாஸ்டனுக்குக் கப்பலேறி, சொல்ல வாய் வலிக்கிறது என்று பெயரைப் பாதியாக வெட்டிக்கொண்டார்கள். மீதிப் பேர் ஒன்று மடத்தில் சேர்ந்தார்கள், அல்லது பெண்ணாகப் பிறந்தார்கள். தொலைபேசிப் புத்தகத்தில் போன வருஷம் வரை நாங்கள் இரண்டு பேர் இருந்தோம், உன் அப்பாவும் நானும். இப்போது அந்தப் பக்கத்தில் நான் தனியாக நிற்கிறேன். பர்க் மட்டும் ஒன்பது பக்கம்.

அதனால்தான், உனக்கு முடியாது என்று சொல்வதற்கு முன்னால், ஆண்வழியில் எங்காவது ஒரு மக்கவாகில் மிச்சமிருக்கிறானா என்று பார்த்துவிட முடிவு செய்தேன். உள்ளூர் வானொலி நிலையத்துக்குப் போய் ஓர் அறிவிப்பு எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்த பெண் நல்ல பெண், பத்தரை மணிக்கு விளம்பரங்களோடு வாசித்துவிடலாம் என்றாள். விளம்பர நேரத்தில் எவனும் கேட்கமாட்டான், காலை ஒன்பது மணிக்கு மரண அறிவித்தல் வாசிக்கும்போதுதான் இந்த மாவட்டமே வாயை மூடிக்கொண்டு இருக்கும், அந்த நேரத்தில்தான் வாசிக்க வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அவள் இரண்டு முறை யோசிக்கச் சொன்னாள். யோசிப்பது என் வழக்கமில்லை. மறுநாள் காலை, வரிசையாக ஏழு சாவுக்குப் பிறகு, மூச்சுக்கூட விடாமல் வாசித்தார்கள்: ட்ரம்கார்வ் ஆம்ப்ரோஸ் மக்கவாகில், அந்தக் குடும்பத்தின் கடைசி ஆண். உறவினர்கள் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு அவர் இல்லத்தில் கூடவும்.

மேலே என்ன நடந்திருக்கும் என்று நீயே ஊகிப்பாய். ஞாயிற்றுக்கிழமை வாசல் கதவைத் திறந்தால் எண்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். கையில் ஹாம் சாண்ட்விச், ஆப்பிள் டார்ட், என் ஆன்மாவுக்கான பூசைக்குக் காணிக்கை கட்டிய அட்டை. முதலில் நின்றவர் தலையைக் குனிந்தபடி என் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்க துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். முகத்தைப் பார்க்கவே இல்லை. பதினோராவது ஆள்தான் நிமிர்ந்து பார்த்து, நீங்களா என்றார். நான்தான் என்றேன். அவர் கொஞ்சம் ஏமாற்றமடைந்த மாதிரி இருந்தது. அதற்குள் யாரோ சாவு வீட்டு வழக்கப்படி கடிகாரத்தை நிறுத்திவிட்டார்கள், கண்ணாடிக்குத் துணி போட்டுவிட்டார்கள். நான் உயிரோடு இருப்பது வீடு முழுக்கத் தெரிந்த பிறகும் ஒருவரும் கிளம்பவில்லை. சாண்ட்விச் செய்தாகிவிட்டது, அதை என்ன செய்வது. சாயங்காலம் பக்கத்துப் பண்ணை அண்ணன் தம்பி இருவர் மண்வெட்டியோடு வந்தார்கள். ஃபெஸ்டிக்குப் பக்கத்தில் குழி பாதி வெட்டியாகிவிட்டது, மூடிவிடவா இல்லை அப்படியே விட்டுவைக்கவா என்று என்னிடமே கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். எனக்கு மிகவும் களைப்பாக இருந்தது. உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன்.

இவ்வளவுக்கும் நடுவே ஒரு நல்ல காரியமும் நடந்தது. ஸ்லைகோவிலிருந்து பேருந்து பிடித்து ஒரு ஆண் மக்கவாகில் வந்தார். வாசலில் பெயரைச் சொன்னபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பிறகுதான் அவருடைய கழுத்துப்பட்டையைக் கவனித்தேன். ஃபாதர் மாலக்கி, வயது எழுபத்து நான்கு, நைஜீரியாவில் முப்பத்தெட்டு வருஷம் மறைப்பணி செய்துவிட்டு ஓய்வு பெற்றவர். உலகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஆண், அவரும் சாமியார். அவரே எனக்கு ஆறுதல் சொன்னார்.

"நானூத்திப் பதினோரு புள்ளைங்களுக்குத் தண்ணி ஊத்திப் பேர் வெச்சிருக்கேன், ஆம்ப்ரோஸ். நம்ம பேர் ஒண்ணுக்குக்கூட இல்ல."

அன்றிலிருந்து இங்கேதான் தங்கியிருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார். உன் விஷயத்தைச் சொன்னதற்கு, அந்தப் பொண்ணு ஆசப்படுதுல்ல, விட்டுடுங்களேன் என்றார். சாமியாருக்குக் குடும்ப விஷயம் என்ன தெரியும்.

கடைசியாக நாப்லா. உனக்கு ஞாபகம் இருக்கும், வயது தொண்ணூற்று மூன்று, பிறந்ததும் பர்க், வாக்கப்பட்டதும் பர்க். நான் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "வாடா பர்க்கு", "போடா பர்க்கு", அவ்வளவுதான். எழுபத்தொன்பது வருஷமாக இந்த அவமானத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குகிறேன். அன்றைக்கு அவள் கணப்புக்கு அருகே என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் விஸ்கியில் இரண்டாவது கோப்பையை முடித்துவிட்டு, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"செத்தவனப் பத்தி நாலு நல்ல வார்த்த சொல்லலாம்னு வந்தேன். ஆளு உசுரோட இருக்கான். சரி, அப்ப உண்மையச் சொல்லிர்றேன். உங்க பூட்டன் டாம் பர்க்கு, மலைக்கு அந்தாண்டேந்து ஒரு பொட்டியத் தூக்கிட்டு வந்து இந்த வீட்டுல வீட்டோட மாப்பிளையா ஒக்காந்தவன்டா. வீட்டுப் பேரு அவன்மேல ஒட்டிக்கிச்சு. எங்க பாட்டன் அவனுக்குச் சொந்தத் தம்பி."

எண்பது பேரும் சாண்ட்விச்சை மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். வெளியிலிருந்து பெண் கட்டி வந்தவன் அந்த வீட்டுப் பெயரால் அழைக்கப்படுவது இந்தப் பக்கத்தில் உண்டுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது அடுத்த வீடுகளில். நம் வீட்டில் இல்லை. கிளம்பட்டும் என்று அவளுடைய மேல்கோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். நாளைக் காலை ஃபாதர் மாலக்கியை அழைத்துக்கொண்டு பங்குத்தந்தை வீட்டுக்குப் போகிறேன். பழைய கல்யாணப் பதிவேடு லத்தீனில் இருக்கிறது, இவருக்கு லத்தீன் தெரியும். அந்தப் பக்கத்தை நகலெடுத்து நாப்லாவின் கதவில் ஆணி அடித்து மாட்டப் போகிறேன்.

ஆகவே மகளே, முடிவாகச் சொல்கிறேன். மக்கவாகில் என்ற பெயர் தகப்பன் கையிலிருந்து மகன் கைக்குத் தடியைப்போல மாறி மாறி வந்தது. நடுவில் ஒரு பெண்ணின் கையில் அது இருந்ததே இல்லை. உன்மேல் உள்ள பாசத்துக்காக அந்த ஒழுங்கை நான் உடைக்க முடியாது. பெயர் என்னோடு முடிந்தால் முடியட்டும். குழந்தைக்கு பிளென்கின்சாப் என்றே பதிவு செய்துவிடு. காலப்போக்கில் பழகிவிடும். மாப்பிள்ளைக்குப் பழகவில்லை என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும்.

குழந்தையின் நெற்றியில் எனக்குப் பதிலாக ஒரு சிலுவை போடு. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. நீ ஒழுங்காகச் சாப்பிடு. இந்த வீட்டுக் கதவு உனக்கு என்றைக்கும் திறந்தே இருக்கும், தாழ்ப்பாள் உடைந்து இரண்டு மாதமாகிறது.

உன் பெரியப்பா,
ஆம்ப்ரோஸ் மக்கவாகில்.

பின்குறிப்பு: மேலே இருப்பது நேற்று எழுதியது. இன்று காலை பங்குத்தந்தை வீட்டுக்குப் போய் வந்தோம். ஃபாதர் மாலக்கி பதிவேட்டைப் புரட்டினார், ஒரு பக்கத்தில் நின்றார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஆம்ப்ரோஸ், கொஞ்சம் உக்காருங்க" என்றார்.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்பது, பிப்ரவரி மாதம், தவக்காலத்துக்கு நான்கு நாள் முன்பு. மாப்பிள்ளை தாமஸ் பர்க். பெண் ஹனோரா மக்கவாகில், இந்த வீட்டில் பிறந்தவள், உன்னைப்போல ஒரே பெண். முதல் குழந்தைக்கு ஞானஸ்நானப் பதிவேட்டில் பர்க் என்று எழுதியிருக்கிறது. இரண்டாவதுக்கு பர்க் என்று எழுதி அடித்துவிட்டு மக்கவாகில் என்று எழுதியிருக்கிறது. மூன்றாவதிலிருந்து அடித்தலே இல்லை. மூன்றாவது என் தாத்தா.

வீட்டுக்கு வந்து கடிதத்தை அப்படியே உறைக்குள் போட்டு ஒட்டினேன். உனக்குச் சொல்லவேண்டிய அவசியமில்லை என்றுதான் நினைத்தேன். பிறகு சவரம் செய்யப் போனேன். கண்ணாடியில் அவர்கள் போட்ட துணி இன்னும் கிடந்தது. அதை எடுத்துவிட்டுப் பார்த்தேன், கொஞ்சம் சிரித்தும் பார்த்தேன். பல் டாக்டர்மேல் குற்றமில்லை, ஓர்லா. பர்க்காக இருந்தால் நான் பொய் எழுதினாலும் புதிதாகக் கோணுவதற்கு ஒன்றுமில்லை. மக்கவாகிலாக இருந்தால் எழுதக் கூடாது. இரண்டில் எது நான் என்று இப்போது எனக்கே நிச்சயமில்லாததால் உறையைக் கிழித்து உண்மையை எழுதிவிட்டேன்.

நாப்லாவிடம் போய் நானே சொன்னேன். அவள் தலையைத் திருப்பவில்லை. "இதச் சொல்லவாடா மழையில வந்த? எழுவத்தொம்பது வருசமா உன்ன நான் மட்டுந்தானே பேரு சொல்லிக் கூப்புட்டேன்" என்றாள். பிறகு டீ கொடுத்தாள்.

இந்தக் கடிதம் வந்து சேர நாளாகும், என் தொலைபேசியும் பழுது, அதனால் நாப்லா வீட்டிலிருந்தே நாளை உனக்குப் பேசுகிறேன். அதற்குள் பிளென்கின்சாப் என்று பதிவு செய்திருந்தால் அடித்துவிட்டு மக்கவாகில் என்று எழுதச் சொல். நம் குடும்பத்தில் அதற்கு முன்மாதிரி இருக்கிறது. ஈஸ்டர் முடிந்த ஞாயிறு குழந்தையைக் கொண்டு வாருங்கள். ஃபாதர் மாலக்கி அதுவரை இருக்கிறேன் என்கிறார். நானூற்றுப் பன்னிரண்டாவது குழந்தைக்காவது தன் பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். இந்த வீட்டில் பதிவேட்டின்படி உண்மையான மக்கவாகில் இப்போது அவர் ஒருவர்தான், மறுக்க எனக்கு அருகதையில்லை.

முதல் பெயரை நீங்கள் இருவரும் கலந்து பேசி, உங்கள் விருப்பப்படி வையுங்கள். அதில் நான் தலையிடமாட்டேன். ஹனோரா நல்ல பெயர்.