துப்பறியும் பிரிவு பார்த்த இரண்டாம் பாகம்

சிரிப்புப் படத்தைச் சிரிக்காமல் பார்க்கும் திறமை உலகத்திலேயே எங்கள் துப்பறியும் பிரிவுக்கு மட்டும்தான் உண்டு என்பதை, அதன் தட்டச்சராகிய நான் பெருமையுடன் பதிவு செய்கிறேன்.

அசட்டுத் துப்பறிவாளர் படத்துக்கு இரண்டாம் பாகம் வந்துவிட்டது. முதல் பாகத்துக்கே ஊர் விழுந்து விழுந்து சிரித்ததால், இதில் காவல்துறைக்கு உள்ள 'அவமதிப்புகளை'ப் பட்டியலிட நால்வர் குழு அமைத்தார்கள். தலைவர் எங்கள் ஐயா. கூட இரண்டு ஆய்வாளர்கள். குறிப்பெடுக்க நான்.

அன்று காலை நான் கிளம்பும்போது மனைவி வாசலை மறித்துக்கொண்டாள்.

"பதினொரு நாளாச்சு. இன்னிக்காவது எங்க அண்ணனைப் பத்தி உங்க ஐயாகிட்ட வாயைத் திறப்பீங்களா, மாட்டீங்களா?"

மச்சான் பூட்டு ரிப்பேர் செய்பவர். கருவிப் பை திருட்டுப் போய்விட்டதென்று எங்களிடம் புகார் கொடுக்க வந்தவர், பையில் இருந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். இவ்வளவு விவரம் தெரிந்தவன்தான் திருடியிருக்க வேண்டும் என்று ஐயா அங்கேயே கண்டுபிடித்து, அவரை உள்ளே வைத்துவிட்டார். துறையின் வேகம் அப்படி.

கூட்ட அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படத்தைப் போட்டோம். துப்பறிவாளர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் நடந்துபோய்க் கண்ணாடிக் கதவில் மோதினார். பிறகு கதவைக் கைது செய்தார்.

"இதுல அவமதிப்பு எங்கய்யா இருக்கு?" என்றார் ஐயா.

"இல்லீங்கய்யா," என்றார் மூத்த ஆய்வாளர். "போன வருஷம் நாம ஒரு பீரோவைப் பிடிச்சிட்டு வந்தோமே. இன்னும் மாடியிலதான் இருக்கு."

"அப்ப 'உள்ளது உள்ளபடி'ன்னு எழுதுங்க."

எழுதினேன்.

அடுத்துத் துப்பறிவாளர் மாறுவேடம் போட்டுத் தன்னையே பின்தொடர்ந்து, தெருமுனையில் தன்னைத் தவறவிட்டார்.

"அந்த மாதிரி முனையில யாரா இருந்தாலும் கோட்டை விட்ருவாங்க," என்று இளைய ஆய்வாளர் உச்சுக் கொட்டினார்.

உள்ளது உள்ளபடி.

பிறகு படத்தில் தன்னிடம் புகார் கொடுக்க வந்தவன் கையிலேயே விலங்கு மாட்டினார். ஐயா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாருங்கய்யா, நம்ம நடைமுறையைக் கரெக்டா படிச்சிட்டு எடுத்திருக்கான்!"

அதையும் எழுதினேன்.

கடைசிக் காட்சியில் துப்பறிவாளர் தானே போய், அந்தப் புகார்க்காரனை அடைத்திருந்த அறையின் பூட்டைத் திறந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "தப்பு என்மேலதான். மன்னிச்சிடுங்க. வீட்டுக்குப் போங்க," என்றார்.

ஐயா குலுங்கினார். மேசையை ஓங்கித் தட்டினார்.

"மன்னிப்பாம்! இதுக்குத்தான்யா ஜனங்க கூட்டம் கூட்டமா போறாங்க!"

ஆய்வாளர்களும் கண்ணீர் வரச் சிரித்தார்கள். இப்படியொரு நல்ல மனநிலை இனி வாய்க்காது என்று நான் எழுந்து நின்றேன்.

"ஐயா, எங்க மச்சானும் புகார் குடுக்க வந்தவர்தாங்க. அவரையும் இதே மாதிரி திறந்துவிட்டு..."

"ஐயோ, போதும்யா! வயிறு வலிக்குது!" ஐயா என்னைக் கைகாட்டிக் கைகாட்டிச் சிரித்தார். "இவருக்குள்ள இப்படியொரு ஆள் இருக்கறது தெரியாமப் போச்சே!"

எல்லோரும் சிரிக்கும்போது நான் மட்டும் சிரிக்காமல் இருப்பது மரியாதையில்லை. சிரித்தேன்.

மாலையில் அறிக்கையைத் தட்டச்சு செய்தேன். "படத்தில் துறைக்கு அவமதிப்பு எதுவும் இல்லை. மன்னிப்புக் காட்சி மட்டும் நடைமுறைக்குப் புறம்பானது. பொதுமக்களிடம் வீண் எதிர்பார்ப்பை வளர்க்கும் என்பதால் அதை நீக்கப் பரிந்துரைக்கிறோம்."

கீழே நான்கு கையெழுத்துகள். நான்காவதாகப் போட்டவன், உள்ளே இருப்பவரின் தங்கை புருஷன்.